ஆமைமலை நிழலில் பதினோரு கட்டில்கள்

ஆமைமலை இல்லாமல் போய் ஏழு வருஷம் கழித்து, ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு, அதன் நிழல் மட்டும் கீழச்சுனைப்பட்டிக்குத் திரும்பி வந்தது.

அப்போது அழகுமீனா சோலார் பிளான்ட்டில் பதினேழாம் வரிசைப் பேனல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிடரியில் குளிர்ச்சி பட்டதும் மேகம் என்று நினைத்தாள். அண்ணாந்து பார்த்தால் ஒரு பொட்டு மேகம் இல்லை. நிழல் மேற்கேயிருந்து வேலியைத் தாண்டி, வரிசை வரிசையாகக் கண்ணாடிகளின் பளபளப்பை அணைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் கிழக்கே நகர்ந்துபோனது. அதற்கு ஒரு முதுகு இருந்தது, முதுகுக்கு முன்னால் தாழ்ந்த கழுத்து இருந்தது, கழுத்து முடிகிற இடத்தில் தலையைத் தூக்கி எதையோ பார்ப்பது மாதிரி ஒரு பாறை இருந்தது. சின்ன வயதில், மலை முழுசாக இருந்தபோது, தினமும் மதியம் அவள் பார்த்த நிழல் அது.

"மலை வந்துருச்சு," என்று பக்கத்து வரிசையில் நின்ற பாக்கியத்திடம் சொன்னாள்.

பாக்கியம் மேற்கே திரும்பிப் பார்த்தாள். அங்கே குவாரிப் பள்ளமும் பள்ளத்துக்கு மேலே வெறும் வானமும்தான் இருந்தன. சூரியன் மட்டும், நிழலுக்குள் நின்று பார்க்கும்போது, கழுவிக் கவிழ்த்த பித்தளைத் தாம்பாளம் போலக் கண் கூசாமல் தெரிந்தது.

"மலை வரலக்கா. நெழல்தான் வந்துருக்கு," என்றாள் பாக்கியம்.

இருவரும் துடைப்பான்களைச் சாய்த்து வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்கள். அந்த முந்நூறு ஏக்கரில் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

ஆமைமலை போன விதம் இப்படி. ஊருக்கு மேற்கே படுத்திருந்த அந்தக் கருங்கல் மலையை, இருபத்திரண்டு வருஷம், முதலில் முதுகிலிருந்தும் பிறகு விலாவிலிருந்தும் பிறகு கழுத்திலிருந்தும், கட்டில் அளவுக்கும் வீட்டு அளவுக்கும் பாளம் பாளமாக அறுத்து லாரியில் ஏற்றி, துறைமுகத்துக்கு அனுப்பி, கண்காணாத ஊர்களின் வீட்டுத் தரையாகவும் சமையல் மேடையாகவும் கல்லறையாகவும் ஆக்கினார்கள். மலை தரைமட்டமான பிறகும் நிறுத்தாமல் தரைக்குக் கீழேயும் தோண்டினார்கள். கடைசியில் எட்டுப் பனை ஆழத்துக்கு ஒரு பள்ளமும், பள்ளத்தில் பச்சையாக ஒரு தண்ணீரும், துருப்பிடித்த இரண்டு கம்ப்ரஸர்களும், மூச்சுவிட முடியாத இருபத்து மூன்று ஆண்களும் மிஞ்சினார்கள். குவாரிக்காரர்கள் ஒருநாள் சொல்லாமல் போய்விட்டார்கள். மலையிலிருந்து வந்த மூன்று சுனைகளும் செத்தன, சுனைகளை நம்பியிருந்த கிணறுகள் செத்தன, கிணறுகளை நம்பியிருந்த நிலங்கள் கிழக்கே வெள்ளையாகக் காய்ந்து கிடந்தன.

அந்த நிலத்துக்குத்தான் சோலார் வந்தது. அதைக் கொண்டுவந்த இன்ஜினியர் பெனடிக்ட் நாகர்கோவில் பக்கத்துக்காரர், முப்பத்தெட்டு வயது, கெட்டவர் இல்லை. நிலக்கரியை எரித்து உலகத்தைச் சூடாக்காமல் வெயிலிலிருந்து கரண்ட் எடுப்பதுதான் தன் வாழ்க்கையில் செய்யத் தகுந்த ஒரே வேலை என்று நம்பியவர். ஊரின் தண்ணீரைப் பார்த்துவிட்டு, தன் சொந்த யோசனையில், குவாரிப் பள்ளத்துத் தண்ணீரிலிருந்து வெடிமருந்து உப்பையும் கல்லிலிருந்து கரைந்த உப்பையும் பிரித்தெடுக்கும் ஒரு மெஷினை வடிவமைத்து, கம்பெனியோடு ஆறு மாதம் போராடி நிறுவினார். இரண்டு மணி வரைக்கும் வருகிற கரண்ட் வெளியூருக்குப் போகும். இரண்டு மணிக்கு மேல் வருவதில் ஒரு பங்கு இந்த மெஷினுக்கு. ஒரு வருஷமாக ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. குழந்தைகளின் பல்லில் இருந்த பழுப்புக் கறை புதிதாக முளைத்த பல்லில் இல்லை.

நிழல் வந்த நாள் சாயங்காலம், மெஷின் ஓடவில்லை.

அன்றைக்கு அழகுமீனா வீட்டுக்கு வந்தபோது வாசற்கதவு திறந்து கிடந்தது. புருஷன் வெள்ளைச்சாமியைக் காணோம். அவன் குவாரியில் பத்தொன்பது வருஷம், கல்லில் துளை போடும் ஜாக்ஹேமர் பிடித்தவன். நுரையீரல் முழுக்கக் கல் தூசி. ஆஸ்பத்திரியில் சிலிக்கோசிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள், மருந்து என்று ஒன்றும் எழுதவில்லை. இரண்டு வருஷமாக அவன் படுத்துத் தூங்கியதில்லை. படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்காருவது மாதிரி இருக்கும் என்பதால், சுவரோடு சாய்த்த தலையணையில் உட்கார்ந்தபடியே விடியவிடிய இருப்பான்.

கொல்லைப்புறம் போய்ப் பார்த்தாள். வெறும் மண்ணில், மலை நிழலுக்குள், கைகால்களை அகல விரித்து மல்லாந்து படுத்து அவன் தூங்கிக்கொண்டிருந்தான். செத்துப்போனான் என்றுதான் முதலில் நினைத்தாள். மண்டியிட்டு மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். மூச்சு, கீச்சென்ற சத்தம் இல்லாமல், சின்னப் பிள்ளையின் மூச்சு மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. அவள் எழுப்பாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பொழுது இறங்கி நிழல் எங்கும் பரவி அடையாளம் இழந்ததும் அவனுக்கு இருமல் வந்தது.

"தூங்கிட்டேன்ல?" என்று கேட்டான்.

"ஆமாங்க."

"அந்த நெழலுக்குள்ள காத்து வேற மாதிரி இருக்கு மீனா. தூசி கெளம்புறதுக்கு முந்தி இருந்த காத்து."

மறுநாள் மதியத்துக்குள் இது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. இருபத்து மூன்று வீடுகளிலிருந்தும் கட்டில்கள் வெளியே வந்தன. இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு நிழல் தெற்குத் தெருவைத் தொட்டபோது, இருபத்து மூன்று பேரும் வரிசையாகப் படுத்து, ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வெட்கமாகச் சிரித்துக்கொண்டார்கள்.

இப்படித்தான் ஊர் நிழலோடு வாழப் பழகியது. ஆடுகள் முதலில் ஒத்துக்கொண்டன. மேய்ச்சலை விட்டுவிட்டு இரண்டு மணிக்கு முன்பே வந்து இடம்பிடித்துப் படுத்தன. டீக்கடைக்காரர் பெஞ்சுகளைச் சாலையின் மறுபக்கத்துக்கு மாற்றினார். வற்றல் காயப்போடுகிறவர்கள் காலையிலேயே காயப்போட்டு எடுத்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார், நிழல் விளையாட்டு மைதானத்தின் நடுக்கம்பத்தைத் தொட்டதும் கடைசி மணியடித்தார். குவாரியில் வேலை பார்த்தவர்கள் நிழலின் விளிம்பைப் பார்த்து, இந்தப் புடைப்பைத்தான் நான் கல்யாணமான வருஷம் உடைத்தேன், இந்தக் கழுத்தில்தான் மாரிச்சாமி விழுந்து செத்தான் என்று விரல் நீட்டிச் சொன்னார்கள். உடைத்ததெல்லாம் உடையாமல் தரையில் கிடந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேயர் வந்து சங்கிலி போட்டு நிழலை அளந்தார், அளந்துகொண்டிருக்கும்போதே அது நகர்ந்துவிட்டதால், நாளைக்கு வருகிறேன் என்று போனவர் வரவில்லை. சென்னையிலிருந்து மூன்று பேர் வந்து, மலை இருந்த வெற்று வானத்தில் டிரோன் விட்டார்கள். அது நல்ல வெயிலில் பறந்து திரும்பியது. ஒரு வாரம் தங்கினார்கள். கடைசி நாள் அவர்களும் நிழலில் பாய் போட்டுத் தூங்கிவிட்டுப் போனார்கள்.

ஆனால் மெஷின் ஓடவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் ஒச்சம்மாள் யூனியன் ஆபீஸுக்கு நடந்து நடந்து டேங்கர் லாரிக்கு ஏற்பாடு செய்தார். நாலு நாளைக்கு ஒருதரம் வர வேண்டிய லாரி, ஏழு நாளைக்கு ஒருதரம் வந்தது, பிறகு பத்து நாளைக்கு ஒருதரம். சித்திரை முழுக்க ஜனங்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் காத்திருந்தார்கள். தொண்டை காய்ந்தது, உடம்பு மட்டும் குளிர்ந்திருந்தது.

வைகாசியில் பாக்கியத்தின் மகள் தமயந்தி, ஐந்து வயது, தாகம் தாங்காமல் மற்ற பிள்ளைகளோடு போய் குவாரிப் பள்ளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தாள். மூன்று பிள்ளைகளுக்கு வாந்தி கண்டது. இரண்டு பிழைத்தன. தமயந்தியை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனவள் அழகுமீனாதான். மேலூர் ரோடு திரும்பும் முன்பே, பிள்ளையின் தலை கனத்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பாக்கியத்திடம் சொல்லாமல், ஆஸ்பத்திரி வாசல் வரை, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு விசிறுவது மாதிரி முந்தானையால் விசிறிக்கொண்டே போனாள்.

ஆனி பிறந்ததும் இரண்டு காரியங்கள் நடந்தன. கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: ஆடி மாதக் கடைசிக்குள் மதிய உற்பத்தி பழையபடி வராவிட்டால் பேனல்களைக் கழற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோவோம், மெஷினும் அதோடு போகும். இரண்டாவது காரியம் தற்செயலாக நடந்தது. குவாரிப் பள்ளத்தின் மேற்கு உதட்டில் ஒரே ஒரு பாறை மிச்சமிருந்தது. இரண்டு ஆள் உயரம், எட்டு ஆள் நீளம். நடுவில் விரிசல் ஓடியதால் ஏற்றுமதிக்கு ஆகாது என்று விட்டுப்போனது. அதன்மேல் கேமராக் கம்பம் நட பிளான்ட் ஆட்கள் துளை போட்டபோது, வடக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டை அளவுக்குச் சில்லு தெறித்தது. அன்றைக்கு மதியம், நிழலின் வடக்கு ஓரத்தில், ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு வெயில் விழுந்தது. அதில் நாலு பேனல்கள் பளபளத்தன.

பெனடிக்ட் அந்தப் பாறையின் முன்னால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். மறுநாள் தன் கையாலேயே இன்னொரு சில்லு எடுத்தார். இன்னொரு முற்றம் வெயில் விழுந்தது. பிறகு அவர் ஒச்சம்மாள் வீட்டுக்குப் போய், "அம்மா, நிழலை உடைக்க முடியும்," என்று சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் கூடியது. மதியம் மூன்று மணி. எல்லாரும் நிழலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கட்டில்காரர்கள் கட்டில்களோடு வந்திருந்தார்கள்.

"பாறைய வெடி வச்சுத் தூக்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும். தண்ணி வரும்," என்றார் ஒச்சம்மாள். "அந்தத் தண்ணிக்கு இந்த இருபத்து மூணு பேரும் மூச்சக் குடுக்கணும். எனக்குச் சொல்ல வாய் வரல. நீங்களே சொல்லுங்க."

ஜனங்கள் பாக்கியத்தின் பக்கம் பார்க்காமலிருக்க முயன்று, ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். ஒரு மாதத்தில் பாதியாகிப் போயிருந்தாள்.

"என்னயப் பாக்காதீக," என்றாள். "எம் புள்ள தண்ணிக்குப் போயிருச்சு. என்னயப் பெத்த அய்யா அந்தா, மூணாவது கட்டில்ல படுத்திருக்காரு. நான் எந்தப் பக்கம் நின்னு பேச?" சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளைச்சாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். நிழலுக்குள் இருந்ததால் அவன் குரல் முழுசாக வந்தது.

"வெடி வச்சா விரிசல்ல பிடிச்சு மொத்தமும் போயிரும். கல்லுக்கும் மரத்து நார் மாதிரி ஓட்டம் இருக்கு. அது தெரிஞ்சு ஆப்பு வச்சுப் பிளந்தா, வடக்க இருக்கிறத மட்டும் எடுத்துட்டு, தெக்குத் தோளை நிறுத்தலாம். ஒரு காளமாடு அளவுக்கு நின்னாப் போதும். தெக்குத் தெருவுக்கு நெழல் இருக்கும், மத்த இடம் பூராம் வெயில் வந்துரும்."

"யாரு பிளக்குறது?" என்று ஒச்சம்மாள் கேட்டார்.

"அந்த மலைய உடைச்சவங்க நாங்கதான இருக்கோம்."

அழகுமீனா எழுந்து அவன் கட்டிலுக்குப் போனாள். "அங்க நெழல் கெடையாது. அந்தப் பாறைகிட்ட நின்னா உங்களுக்கு நாலு எட்டு வைக்க முடியாது. ஜாக்ஹேமர் பிடிக்கப் போறாகளாம்."

"நாலு எட்டுக்கு ஒருக்கா ஆள் மாத்திக்கிருவோம்."

"செத்துப் போவீங்க."

"மீனா, நீதான ஆட்டோல போன," என்று மட்டும் அவன் சொன்னான்.

பெனடிக்ட் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐப்பசிக்கு மேல் சூரியன் தெற்கே சாய்வதால் தெற்குத் தோளின் நிழல் வடக்கே நகர்ந்து வேலிக்குள் பேனல்கள்மேல் விழும். அதைக் கம்பெனி பொறுத்துக்கொள்ள வேண்டும், கட்டில்காரர்களை உள்ளே விட வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி வந்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

ஆடி ஐந்தாம் தேதி காலையில் வேலை தொடங்கியது. பதினாறு பேரால் வர முடிந்தது. டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். முன்னொரு காலத்தில் நாள் முழுக்க ஜாக்ஹேமரை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், இப்போது ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் இடுப்பைத் தாங்க, நூறு எண்ணுவதற்குள் கைமாற்றிக்கொண்டார்கள். பெனடிக்ட் ஜாக்ஹேமர் முனையில் ஒரு ரப்பர் குழாயைக் கட்டியிருந்தார். பள்ளத்துத் தண்ணீர் சின்ன மோட்டாரில் ஏறி, முனை கல்லைத் தொடுகிற இடத்தில் நூலாக விழுந்தது.

முதல் துளையை வெள்ளைச்சாமி போட்டான். அழகுமீனா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று தாங்கினாள். ஜாக்ஹேமர் உறுமியது. பழக்கத்தில் அவன் கண்ணை இடுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். தூசி வரவில்லை. துளையிலிருந்து சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி ஒன்று வழிந்து பாறையில் இறங்கியது. அவன் ஜாக்ஹேமரை நிறுத்தினான். குனிந்து அந்தக் கூழை விரலால் தொட்டான். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தான்.

"தூசி எங்க சார்?" என்றான்.

"தண்ணியில கரைஞ்சிருதுங்க. பறக்காது," என்றார் பெனடிக்ட்.

வெள்ளைச்சாமி ரப்பர் குழாயைப் பார்த்தான். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சாதாரணக் குழாய். அதைக் கட்டியிருந்த கம்பியைப் பார்த்தான். மோட்டாரைப் பார்த்தான். மற்ற பதினைந்து பேரும் அவனைச் சுற்றி வந்து நின்று அதையே பார்த்தார்கள்.

"அம்புட்டுத்தானா சார்?" என்று கேட்டான்.

அவன் அந்தக் குழாயைக் கையில் பிடித்தான்.

"இருபத்திரண்டு வருஷமும் இந்தக் கொழாயக் கட்டியிருந்தா?"

"ஆமாங்க," என்றார் பெனடிக்ட், மெதுவாக. "அவ்வளவுதான்."

பாக்கியத்தின் அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒருத்தர் அழுதார், அழுதால் இருமல் வரும் என்பதால் அவரால் முழுசாக அழ முடியவில்லை. அழகுமீனா புருஷனின் முதுகில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை. அவன் ஜாக்ஹேமரை மறுபடி எடுத்தான்.

பதினோரு நாள் துளை போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் ஆப்புகளை இறக்கி, வெள்ளைச்சாமி காதைப் பாறையில் வைத்துக்கொண்டு, எந்த ஆப்பில் எத்தனை அடி என்று விரலால் காட்ட, மற்றவர்கள் மாறி மாறிச் சம்மட்டி போட்டார்கள். மதியம் ஒரு மணிக்கு, துணி கிழிகிற சத்தத்தோடு பாறை பிளந்தது. வடக்குப் பாதி சாய்ந்து பள்ளத்துக்குள் விழுந்தது. பச்சைத் தண்ணீர் எழும்பி அடங்கியது. தெற்குத் தோள், அவன் சொன்னபடியே, ஒரு காளைமாட்டின் அளவுக்கு நின்றது.

வெள்ளைச்சாமி இன்னும் காதைப் பாறையிலிருந்து எடுக்கவில்லை. "ஓடுது," என்றான். "உள்ள விரிசல் ஓடுது." எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் காளைமாடும் இரண்டாகி, நாலாகி, ஒவ்வொரு துண்டாகப் பள்ளத்துக்குள் சரிந்தது. பாறை இருந்த இடத்தில், தரையோடு ஒட்டி, ஓர் இளநீர்க்காய் அளவுக்குக் கல் மிச்சமிருந்தது.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு முந்நூறு ஏக்கரும் ஒரே தகடாக மின்னியது. மெஷின் ஓடத் தொடங்கிய சத்தம் ஊர் வரைக்கும் கேட்டது. தெற்குத் தெருவில், ஒரு முற்றத்தைவிடக் கொஞ்சம் பெரிய நிழல் விழுந்தது. காலோடு கால் ஒட்டிப் போட்டதில் அதற்குள் பதினோரு கட்டில்கள் அடங்கின.

அந்த நிழல் சின்னதாக இருந்ததால் அது நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. கால் மணிநேரத்தில் கட்டிலை விட்டு விலகிவிடும். அதனால் பெண்கள், பேனல் துடைக்கிற வேலையைக் காலையில் முடித்துவிட்டு, இரண்டு மணிக்குத் தெற்குத் தெருவில் கூடி, கட்டிலுக்கு நாலு பேராக, ஆளோடு சேர்த்துத் தூக்கி நிழல் போகிற வழியில் வைத்து, அது விலகியதும் மறுபடி தூக்கி வைத்து, பொழுது இறங்கும் வரை அதன் பின்னாலேயே போனார்கள். இன்றைக்குப் பதினோரு பேர், நாளைக்கு வேறு பதினோரு பேர் என்று முறை சுற்றி வந்தது. முறை இல்லாத நாளில் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, தெருவில் கட்டில்கள் நகர்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வெள்ளைச்சாமி தன் முறை வந்தாலும் அநேக நாள் போகமாட்டான். பாக்கியத்தின் அப்பாவை அனுப்பிவிடுவான். அழகுமீனா அதற்காக அவனோடு சண்டை போட்டாள். பிறகு சண்டை போடுவதை நிறுத்தினாள், பேசினால் அவனுக்குப் பதில் சொல்லக் காற்று வேண்டியிருந்தது.

வீடு வீடாகக் குழாயில் தண்ணீர் வந்தது. கம்பெனி ஒரு விழா வைத்தது. சுத்தமான கரண்ட், சுத்தமான தண்ணீர் என்று பெரிய பலகை வைத்து, ஒச்சம்மாளுக்குச் சால்வை போட்டார்கள். அவர் வீட்டுக்குப் போனதும் அதை மடித்து, ஒரு கட்டில்காரரின் தலைக்கு வைக்கக் கொடுத்துவிட்டார்.

ஐப்பசியில் நிழல் வேலியைத் தொட்டது. வாசலில் வாட்ச்மேன் நிறுத்தினார். கட்டிலை உள்ளே விடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. பெனடிக்ட் தான் கையெழுத்து வாங்கி வந்த காகிதத்தைக் காட்டினார். அது ஆடி மாதத்து மேனேஜர் போட்டது, இப்போது வேறு மேனேஜர் என்றார்கள். பெனடிக்ட் சாவியை வாங்கித் தானே கேட்டைத் திறந்துவிட்டார். பதினைந்து நாளில் அவரை ராஜஸ்தானுக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்றைக்கு வெள்ளைச்சாமியைப் பார்க்க வந்தார். "நான் தப்புப் பண்ணிட்டனாங்க?" என்று கேட்டார்.

வெள்ளைச்சாமி, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் காற்றைத் தேடி, "புள்ளைக... தண்ணி... குடிக்குதுல்ல," என்றான்.

அவர் போனபிறகும் கேட்டை யாராலும் பூட்ட முடியவில்லை. பூட்ட வந்த அன்றைக்கு, நாற்பத்து நாலு பெண்கள் கட்டில்களோடு வாசலிலேயே நின்றார்கள். வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு கட்டில்கள் பேனல் வரிசைகளின் சந்துகளில் போயின. அந்த வரிசைகள் எங்கே அகலம், எங்கே குறுகல் என்பது அழகுமீனாவுக்குத் தெரியும் என்பதால் அவள் முன்னால் நடந்தாள்.

கார்த்திகை இருபதாம் தேதி, காலை ஒன்பது மணிக்கு, சுவரில் சாய்ந்த தலையணையில் உட்கார்ந்தபடியே வெள்ளைச்சாமி செத்துப்போனான். குளிப்பாட்டி, கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். பெண்கள் வந்து அழகுமீனாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் பாடைக்கு மூங்கில் வெட்டினார்கள். மதியம் மூன்று மணிக்கு எடுப்பதென்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டு மணி ஆனபோது ஒப்பாரி நின்றது. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஒருத்தரும் எழவில்லை. துக்க வீட்டில் எப்படி எழுவது? தெருக்கோடியில், அன்றைக்கு முறையுள்ள பதினோரு பேர் கட்டில்களில் காத்துக்கிடந்தார்கள். யாரோ இருமுகிற சத்தம் வந்தது. ஒருவருக்கு இருமல் நிற்கவே இல்லை.

அழகுமீனா புருஷனின் கால்மாட்டிலிருந்து எழுந்தாள். அவிழ்ந்து கிடந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள்.

"எங்கக்கா?" என்று பாக்கியம் கையைப் பிடித்தாள்.

"உங்கய்யாவுக்கு இன்னைக்கு மொறை," என்றாள் அழகுமீனா. "வா, தூக்கணும்."

"அண்ணன எடுக்கணுமேக்கா."

"அவுக இனிமே எம்புட்டு நேரம்னாலும் இருப்பாக."

அவள் வாசலைத் தாண்டித் தெருக்கோடிக்குப் போய், பாக்கியத்தின் அப்பா படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டுக் காலைப் பிடித்தாள். பாக்கியம் ஓடிவந்து மறுகாலைப் பிடித்தாள். துக்க வீட்டிலிருந்து ஒவ்வொருத்தராக எல்லாப் பெண்களும் வெளியே வந்தார்கள், ஒச்சம்மாளும் வந்தார். பதினோரு கட்டில்களும் எழும்பி, கேட்டைத் தாண்டி, பேனல் வரிசைகளுக்கு நடுவே போயின. அன்றைக்கும் நிழல் கால் மணிக்கொருதரம் நகர்ந்தது, அன்றைக்கும் அவர்கள் அதன் பின்னால் போனார்கள். துக்க வீட்டு வாசலில் ஆண்கள் பாடையைக் கட்டி முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஆறு மணிக்குப் பெண்கள் திரும்பி வந்து கைகால் கழுவிய பிறகுதான் வெள்ளைச்சாமியை எடுத்தார்கள்.